2000-ம் ஆண்டில் பிறந்தது குற்றமா?

1999-ல் பிறந்தவர் உள்ளே வரலாம். 2001-ல் பிறந்தவரும் வரலாம். 2000-ம் ஆண்டில் பிறந்தவர் மட்டும் வரக்கூடாது!

இப்படி ஒரு சட்டம் எந்த நாட்டிலாவது உண்டா? கிடையாது. ஆனால், சட்டம் ஏதும் இல்லாமலே ஒரு கம்ப்யூட்டர் இப்படித் தடை போட்டது. நடந்த இடம் அமெரிக்கா. நடந்த காலம் 2024-ம் ஆண்டின் தொடக்கம்.

கல்லூரியில் படிக்கப் பண உதவி கேட்டு மாணவ-மாணவிகள் கம்ப்யூட்டரில் விண்ணப்பம் எழுதினார்கள். பெயரை எழுதினார்கள். பிறந்த தேதியை எழுதினார்கள். 2000-ம் ஆண்டில் பிறந்தவர்களுக்கு மட்டும் விண்ணப்பம் பாதி வழியில் நின்றுவிட்டது. மேலே போக மறுத்தது. அவர்கள் எழுதியதில் பிழை ஏதும் இல்லை. மறுபடி எழுதினார்கள். மறுபடியும் நின்றது.

வாரக்கணக்கில் இந்தக் கூத்து நீடித்தது.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய விஞ்ஞானி தேவை இல்லை. விண்ணப்பத்தை ஊருக்குத் திறந்துவிடும் முன்பு, 2000-ம் ஆண்டில் பிறந்த ஒரே ஒரு பையனை உட்காரவைத்து, "தம்பி, இதைப் பூர்த்தி செய், பார்க்கலாம்" என்று சொல்லியிருந்தால் போதும். அரை மணி நேரத்தில் குட்டு வெளிப்பட்டிருக்கும்.

ஏழைப் பிள்ளைகளின் சாவி

அமெரிக்காவில் பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்புவது யானையைக் கட்டித் தீனி போடுவது மாதிரி. சாதாரணக் குடும்பத்தால் தாங்க முடியாது. ஆகவே மத்திய அரசாங்கம் உபகாரச் சம்பளம் கொடுக்கிறது. கடன் கொடுக்கிறது. படித்துக்கொண்டே கல்லூரியில் வேலை பார்க்கவும் வழி செய்கிறது.

இவை எல்லாவற்றுக்கும் ஒரே விண்ணப்பம். அதைச் சுருக்கமாக "பாப்சா" என்பார்கள். ஆண்டுதோறும் ஏறத்தாழ 1 கோடியே 70 லட்சம் பேர் இந்த விண்ணப்பத்தைக் கொடுக்கிறார்கள்.

இதன் மூலம் கிடைக்கும் உதவிகளில் முக்கியமானது "பெல் மானியம்". கிளைபோர்ன் பெல் என்ற செனட்டரின் பெயரால் வழங்குவது. ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு உரியது. 2024-25-ம் கல்வி ஆண்டில் ஒருவருக்கு அதிகபட்சம் 7,395 டாலர். கடன் அல்ல. திருப்பிக் கொடுக்க வேண்டியது இல்லை.

பணம் எப்படிக் கிடைக்கிறது? மாணவன் விண்ணப்பம் கொடுக்கிறான். குடும்பத்தின் வருமானம் என்ன, எத்தனை பேர், சொத்து எவ்வளவு என்று கம்ப்யூட்டர் கணக்குப் போடுகிறது. "இந்தக் குடும்பத்துக்கு இவ்வளவுதான் சக்தி" என்று ஓர் எண்ணைக் கண்டுபிடிக்கிறது. அந்த எண் கல்லூரிகளுக்குப் போகிறது. "உனக்கு இவ்வளவு உதவி கிடைக்கும்" என்று கல்லூரி கடிதம் எழுதுகிறது. அந்தக் கடிதம் கைக்கு வந்த பிறகுதான் தகப்பனும் தாயும் உட்கார்ந்து பேசுவார்கள். இந்தக் கல்லூரியா, அந்தக் கல்லூரியா, அல்லது படிப்பே வேண்டாமா?

வழக்கமாக அக்டோபர் 1-ந் தேதி விண்ணப்பம் திறக்கும். மே 1-ந் தேதிக்குள் எந்தக் கல்லூரி என்று முடிவு சொல்ல வேண்டும். நடுவில் ஏழு மாதம்.

பழைய விண்ணப்பம் ஒரு பெரிய தலைவலி. 100 கேள்விகளுக்கு மேல்! வக்கீல் வீட்டுப் பிள்ளை வேண்டுமானால் சமாளிப்பான். கூலிக்காரர் வீட்டுப் பிள்ளை திணறுவான். உதவி யாருக்குத் தேவையோ அவர்களே விண்ணப்பத்தைக் கண்டு பயந்து ஓடினார்கள்.

ஆகவே 2020 டிசம்பரில் ஒரு சட்டம் வந்தது. கேள்விகளைக் குறைக்க வேண்டும் என்றது. சிலருக்கு 18 கேள்விகள் போதும் என்ற நிலை வந்தது. வருமானக் கணக்கை வரி இலாகாவிடமிருந்து கம்ப்யூட்டரே நேராக வாங்கிக்கொள்ளும். நல்ல எண்ணந்தான், யாரும் குறை சொல்ல முடியாது.

இதற்காகப் பல பத்தாண்டுப் பழைய கம்ப்யூட்டர் ஏற்பாட்டை ஒதுக்கிவிட்டுப் புதிதாக ஒன்றைக் கட்டினார்கள். வேலை இழுத்துக்கொண்டே போயிற்று. 2023 அக்டோபர் வந்தது. விண்ணப்பம் வரவில்லை. 2024 ஜனவரி 1-ந் தேதிக்குள் திறந்தாக வேண்டும் என்பது சட்டம். 2023 டிசம்பர் 30-ந் தேதி கதவு திறந்தது. கெடுவுக்கு இரண்டே நாள் முன்பு!

முதல் நாள் எவ்வளவு நேரம் திறந்திருந்தது தெரியுமா? ஏறக்குறைய அரை மணி நேரம். அப்புறம் மூடிவிட்டார்கள்.

பானையைத் தட்டிப் பார்ப்பது

கம்ப்யூட்டர் ஏற்பாடுகளைச் சோதிப்பதற்குப் பல முறைகள் உண்டு. அவற்றில் ஒன்று "கறுப்புப் பெட்டிச் சோதனை". ஆகாய விமானத்தில் இருக்கும் கறுப்புப் பெட்டிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

சந்தையில் பெண்கள் பானை வாங்குவதைப் பாருங்கள். குயவர் எந்தக் குளத்து மண் எடுத்தார், எப்படிப் பிசைந்தார், சூளையில் எத்தனை நாழிகை வைத்தார் என்று யாரும் கேட்பது இல்லை. விரலை மடக்கி ஒரு தட்டுத் தட்டுகிறார்கள். "ணங்" என்று சத்தம் வந்தால் பானை நல்லது. "பொத்" என்று வந்தால் கீறல் இருக்கிறது. வீட்டுக்குக் கொண்டுவந்து தண்ணீர் ஊற்றி வைக்கிறார்கள். கசிகிறதா என்று பார்க்கிறார்கள்.

கறுப்புப் பெட்டிச் சோதனையும் இதுதான். கம்ப்யூட்டருக்குள் என்ன எழுதியிருக்கிறது என்பதைச் சோதிப்பவர் பார்ப்பது இல்லை. மூடிய பெட்டி மாதிரி அதை வைத்துக்கொள்கிறார். "இதைக் கொடுத்தால் இது வர வேண்டும்" என்பது மட்டும் அவருக்குத் தெரியும். கொடுக்கிறார். என்ன வருகிறது என்று பார்க்கிறார். வர வேண்டியது வந்தால் சரி. வராவிட்டால் கோளாறு.

பெட்டியைத் திறந்து, உள்ளே எழுதியிருப்பதை வரிவரியாகப் பார்த்துச் சோதிப்பது வேறு முறை. அதற்கு "வெள்ளைப் பெட்டிச் சோதனை" என்று பெயர். இரண்டும் தேவை. ஆனால் விண்ணப்பம் எழுதும் மாணவனுக்குப் பெட்டியின் வெளிப்பக்கம் மட்டுமே தெரியும். அவன் நிற்கும் இடத்தில் நின்று பார்ப்பது கறுப்புப் பெட்டிச் சோதனைதான்.

செய்தவரே சோதித்தால் என்ன என்று கேட்கலாம். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. கம்ப்யூட்டர் ஏற்பாட்டைக் கட்டியவர் அது ஓடும் வழியில்தான் ஓட்டிப் பார்ப்பார். அது தடுக்கி விழும் இடம் அவர் கண்ணுக்குப் படாது. அதற்கு வேறு ஆள் வேண்டும். கொஞ்சம் குறும்புக்காரராகவும் இருக்க வேண்டும்!

ஒரு சோறு பதமா?

"ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்" என்று சொல்வார்கள். கம்ப்யூட்டர் சோதனைக்காரர்களும் இந்தப் பழமொழியைக் கடைப்பிடிக்கிறார்கள். 1 கோடியே 70 லட்சம் பேரின் விண்ணப்பத்தையும் முன்கூட்டியே சோதிக்க முடியுமா? முடியாது. ஆகவே ஒரே மாதிரி இருப்பவர்களை ஒரு கூட்டமாகச் சேர்க்கிறார்கள். ஒவ்வொரு கூட்டத்திலும் ஒருவரை எடுத்துச் சோதிக்கிறார்கள்.

இங்கேதான் ஆபத்து இருக்கிறது. அடுப்பில் எத்தனை பானை இருக்கிறது என்று முதலில் எண்ண வேண்டும் அல்லவா? ஒரு பானையை மறந்துவிட்டால்? அந்தப் பானைச் சோறு வெந்ததா, வேகவில்லையா என்று யாருக்குத் தெரியும்?

இன்னொன்று. சோறு எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி வேகும். கம்ப்யூட்டர் அப்படி அல்ல. அதன் கோளாறுகள் பெரும்பாலும் ஓரத்தில், எல்லைக் கோட்டில், ஒளிந்துகொண்டிருக்கும்.

ஓர் உதாரணம். இந்தியாவில் தாழ்த்தப்பட்ட மாணவர்கள் பத்தாம் வகுப்புக்கு மேல் படிக்க மத்திய அரசின் உதவித்தொகை உண்டு. 2021-ல் திருத்திய விதிகளின்படி, குடும்ப வருமானம் ஆண்டுக்கு 2,50,000 ரூபாய்க்கு மேல் போகக்கூடாது. இதைச் சோதிப்பவர் 1,00,000 என்று எழுதிப் பார்ப்பார். உதவி உண்டு. 5,00,000 என்று எழுதிப் பார்ப்பார். உதவி இல்லை. இதோடு எழுந்து போனால் அவர் சோம்பேறி. கெட்டிக்காரராக இருந்தால் 2,49,999 என்று எழுதுவார். 2,50,000 என்று எழுதுவார். 2,50,001 என்று எழுதுவார். நடு எண்ணுக்கு உதவி கிடைக்க வேண்டும். ஒரு ரூபாய் கூடினால் கிடைக்கக்கூடாது. "மேல் போகக்கூடாது" என்பதை "குறைவாக இருக்க வேண்டும்" என்று ஒருவர் தப்பாக எழுதிவிட்டால், சரியாக 2,50,000 ரூபாய் சம்பாதிக்கும் குடும்பத்தின் பிள்ளை தெருவில் நிற்பான். விதி அவன் பக்கம். கம்ப்யூட்டர் எதிர்ப்பக்கம்!

அப்புறம் 0 என்று எழுதிப் பார்ப்பார். ஒன்றும் எழுதாமல் விட்டுப் பார்ப்பார். "இரண்டரை லட்சம்" என்று எழுத்தால் எழுதிப் பார்ப்பார். வீட்டில் குழந்தை எதை எதை இழுத்துப் போடும் என்று தாய் நினைத்துப் பார்ப்பது போல அவரும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

அமெரிக்காவின் 2000-ம் ஆண்டுப் பிள்ளைகளும் ஓர் எல்லைக் கோட்டில்தான் நின்றார்கள். 2024-25-ம் ஆண்டு விண்ணப்பத்தில், 2001 ஜனவரி 1-ந் தேதிக்கு முன்பு பிறந்தவர்கள் "தனித்து நிற்பவர்கள்". அவர்களுடைய பெற்றோரின் வருமானத்தைக் கேட்க வேண்டியது இல்லை. அதற்குப் பின்பு பிறந்தவர்கள் பெரும்பாலும் பெற்றோரைச் சார்ந்தவர்கள். ஆக, தனித்து நிற்பவர்களில் மிக இளையவர்கள் யார்? 2000-ம் ஆண்டில் பிறந்தவர்கள். அது நூறாண்டு திரும்பும் ஆண்டுகூட. தேர்ந்த சோதனைக்காரர் முதலில் விரல் வைக்கும் இடம் இது.

சோதிப்பது எளிது என்று யாரும் நினைக்க வேண்டாம். கிளென்போர்டு மையர்ஸ் என்ற நிபுணர் 1979-ல் சோதனைக் கலை பற்றி ஒரு புத்தகம் எழுதினார். தொடக்கத்திலேயே ஒரு சின்னப் புதிர் போட்டார். ஒரு கம்ப்யூட்டருக்கு மூன்று எண்களைக் கொடுக்கிறோம். அவை ஒரு முக்கோணத்தின் மூன்று பக்கங்கள். மூன்று பக்கமும் சமமா, இரண்டு பக்கம் சமமா, ஒன்றும் சமம் இல்லையா என்று அது சொல்ல வேண்டும். இதை எப்படியெல்லாம் சோதிப்பீர்கள்? அவ்வளவுதான் கேள்வி. மொத்தம் 14 மார்க்கு. அனுபவம் மிகுந்த கம்ப்யூட்டர்காரர்கள் வாங்கியது சராசரி 7.8 மார்க்கு! முக்கோணத்துக்கே இந்தக் கதி என்றால், ஒரு தேசத்தின் குடும்பக் கணக்குக்கு என்ன கதி?

அம்மாவுக்கு நம்பர் இல்லை

மறந்துபோன பானை ஒன்று இருந்தது என்று காட்டுவதற்கு இன்னொரு சம்பவம்.

அமெரிக்காவில் ஒவ்வொருவருக்கும் "சமூகப் பாதுகாப்பு எண்" என்று ஒன்று உண்டு. ஆனால், பிழைப்புத் தேடி வெளிநாடுகளிலிருந்து வந்து குடியேறியவர்களில் பல பேருக்கு அது கிடையாது. அவர்களுக்கு அமெரிக்காவில் பிறந்த பிள்ளைகள் அமெரிக்கப் பிரஜைகள். சட்டப்படி அந்தப் பிள்ளைகளுக்கு உதவி உண்டு.

புதிய விண்ணப்பத்தில் மாணவன் மட்டும் எழுதினால் போதாது. தாயோ, தகப்பனோ தனியாகக் கம்ப்யூட்டருக்குள் வந்து, தம் பங்கைப் பூர்த்தி செய்து, சம்மதம் கொடுக்க வேண்டும்.

ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். ராத்திரி வேலை முடிந்து தாய் களைத்து வருகிறாள். மகள் கம்ப்யூட்டர் முன்னால் காத்திருக்கிறாள்.

"அம்மா, உன் நம்பரைக் கேட்கிறது."

"எனக்கு ஏதடி நம்பர்? இல்லை என்று எழுது."

"எழுதினேன் அம்மா. மேலே போக மாட்டேன் என்கிறது."

ஆயிரக்கணக்கான வீடுகளில் இதுதான் நடந்தது. எண் இல்லாத பெற்றோர் பூர்த்தி செய்ய முடியாமல் விண்ணப்பம் கிடந்தது. பிப்ரவரியில் இலாகா ஒரு சுற்று வழி சொன்னது. மார்ச்சில்தான் நேர் வழி திறந்தது. இதற்குள் சில கல்லூரிகளிலும் ராஜ்யங்களிலும் முதலில் வந்தவர்களுக்குப் பணம் பங்கிட்டு முடியும் காலம் வந்துவிட்டது.

சோதனைக்காரர்கள் இதற்கு ஒரு கட்டம் போடுவார்கள். மாணவனுக்கு எண் உண்டு, இல்லை. தாய்க்கு உண்டு, இல்லை. தகப்பனுக்கு உண்டு, இல்லை. மொத்தம் எட்டுக் கட்டம். எட்டிலும் ஒரு தடவை நடந்து பார்க்க வேண்டும். பள்ளிக்கூடப் பையன் ரூல் தடி வைத்துப் போடக்கூடிய கட்டம்!

விலைவாசியை மறந்த கணக்கு

பார்த்தவுடன் தெரியும் கோளாறுகள் இவை. வெளியே தெரியாத கோளாறும் இருந்தது. அதுதான் மோசமானது.

குடும்பத்தின் வருமானத்தில் சாப்பாட்டுக்கும் குடித்தனத்துக்கும் ஒரு தொகையை ஒதுக்கிவிட்டு, மீதியைத்தான் கம்ப்யூட்டர் கணக்கில் எடுக்க வேண்டும். விலைவாசி ஏறினால் அந்த ஒதுக்கீடும் ஏற வேண்டும் என்பது சட்டம். 2021-லும் 2022-லும் அமெரிக்காவில் விலைவாசி கிடுகிடு என்று ஏறியது. கணக்கில் இருந்ததோ பழைய எண்! விளைவு? ஏழைக் குடும்பம் காகிதத்தில் கொஞ்சம் பணக்காரக் குடும்பமாக மாறிவிட்டது. உதவி குறைந்துவிடும்.

2024 ஜனவரியில் இலாகா இதைத் திருத்துவதாக அறிவித்தது. திருத்தியதால் மாணவர்களுக்குக் கூடுதலாகக் கிடைக்கும் தொகை 180 கோடி டாலர். ஆனால் கல்லூரிகளுக்கு விவரம் அனுப்புவது மார்ச்சுக்குத் தள்ளிப்போயிற்று.

இதில் ஒரு பாடம் கறுப்புப் பெட்டிச் சோதனைக்காரர்களுக்கு உண்டு. பெட்டியிலிருந்து வந்த விடை சரியா என்று எதை வைத்துச் சொல்வது? சோதிப்பவர் கையில் தனியாக ஒரு விடை இருக்க வேண்டும். அதைச் சட்டப் புத்தகத்தைப் பார்த்துத் தாமே போட்டிருக்க வேண்டும். பெட்டிக்குள் போன அதே பழைய எண்ணை வைத்து அவரும் கணக்குப் போட்டால், இரண்டும் ஒத்துப்போகும். "பாஸ்" என்று எழுதிவிட்டுப் போய்விடுவார். கடைக்காரரின் தராசைக் கடைக்காரரின் படிக்கல்லைக் கொண்டே சோதித்த கதைதான்!

மார்ச்சில் இன்னொரு பிழை தெரிந்தது. பெற்றோரைச் சார்ந்த மாணவர்களின் சொத்து விவரத்தைச் சேர்க்காமலே கம்ப்யூட்டர் கணக்குப் போட்டிருந்தது. கல்லூரிகளுக்குப் போய்ச் சேர்ந்திருந்த சுமார் 15 லட்சம் விவரங்களில் ஏறத்தாழ 2 லட்சம் தப்பு! தான் எழுதியதில் பிழையைக் கண்ட மாணவன் திருத்தலாம் என்றால், ஏப்ரல் நடுவரை அதற்கும் வழி இல்லை.

அவசர நிலை!

குழம்பிப்போன மாணவர்களும் பெற்றோர்களும் என்ன செய்தார்கள்? டெலிபோன் செய்தார்கள். முதல் ஐந்து மாதத்தில் இலாகாவின் உதவி நிலையத்துக்கு வந்த அழைப்புகள் 54 லட்சம். அவற்றில் 40 லட்சம் அழைப்புகளை எடுத்துப் பேச ஆள் இல்லை. நூற்றுக்கு 74!

மே 1-ந் தேதி வந்தது. பல கல்லூரிகளிடம் உதவிக் கடிதம் தயாராக இல்லை. மே 15 என்றும், ஜூன் 1 என்றும் கெடுவைத் தள்ளிப்போட்டார்கள்.

மேற்கு வர்ஜீனியா ராஜ்யத்தின் அப்போதைய கவர்னர் ஜிம் ஜஸ்டிஸ், 2024 ஏப்ரல் 30-ந் தேதி ஓர் அவசர நிலைப் பிரகடனம் செய்தார். வெள்ளம் வந்தால் அவசர நிலை அறிவிப்பார்கள். புயல் அடித்தால் அறிவிப்பார்கள். ஒரு விண்ணப்பம் வேலை செய்யவில்லை என்று அவசர நிலை! ராஜ்யத்தின் உபகாரச் சம்பளம் வேண்டும் என்றால் முதலில் பாப்சா விண்ணப்பத்தை முடிக்க வேண்டும் என்பது அங்கே விதி. அந்த விதியை அந்த ஆண்டுக்கு நிறுத்திவைக்கவே இந்தப் பிரகடனம்.

இதற்கு முன்பே, மாணவர் உதவி அலுவலகத்தின் தலைவர் ரிச்சர்டு கார்ட்ரே பதவியிலிருந்து விலகுவதாக ஏப்ரல் மாதம் செய்தி வந்தது.

அமெரிக்க அரசாங்கத்தின் தணிக்கை அலுவலகம் 2024 செப்டம்பரில் தன் முடிவை வெளியிட்டது. 2024 ஆகஸ்டு கடைசி வரை, முந்திய ஆண்டைவிட 4 லட்சத்து 32 ஆயிரம் விண்ணப்பங்கள் குறைவு. முதல் தடவையாக விண்ணப்பம் கொடுப்பவர்களில் நூற்றுக்கு 9 பேர் குறைந்துவிட்டார்கள். இவர்களில் எத்தனை பேர் வேலைக்குப் போனார்கள், எத்தனை பேர் வீட்டில் உட்கார்ந்தார்கள் என்று எந்தக் கம்ப்யூட்டரும் கணக்கு வைக்கவில்லை.

40-க்கும் மேற்பட்ட கோளாறுகள் இருந்தன என்று தணிக்கையாளர்கள் எண்ணிச் சொன்னார்கள். ஒப்பந்தத்தில் முதல் கட்டத்துக்கு என்று சொன்ன 25 முக்கிய அம்சங்களில் 18, திறப்பு விழா அன்று தயாராகவே இல்லை. சோதனையும் போதவில்லை. உண்மையான மாணவர்களை வைத்து, தொடக்கம் முதல் கடைசி வரை ஓட்டிப் பார்க்காமலே திறந்துவிட்டார்கள்.

ஒரு நியாயத்தையும் சொல்ல வேண்டும். அதே அலுவலகத்தின் தலையில் அதே சமயம் பழைய கல்விக் கடன் வசூலை மீண்டும் தொடங்கும் வேலையும் விழுந்திருந்தது. ஆள் குறைவு. பணம் குறைவு. கெடுவோ நெருங்குகிறது. இப்படிப்பட்ட நேரத்தில் எந்த அலுவலகத்திலும் முதலில் வெட்டு விழுவது சோதனையின் மேல்தான். கட்டாத சுவர் கண்ணுக்குத் தெரியும். செய்யாத சோதனை தெரியாது அல்லவா?

கொடுக்கக்கூடாதவர்களுக்குக் கொடுப்பது

அமெரிக்கக் கம்ப்யூட்டர் உரியவர்களைத் தள்ளியது. நேர்மாறான தவறும் உண்டு. உரிமை இல்லாதவர்களுக்கு அள்ளிக் கொடுப்பது.

இந்தியாவில் உதவித்தொகைகளுக்காக தேசிய உதவித்தொகை இணையதளம் இருக்கிறது. மாணவன் விண்ணப்பம் போடுகிறான். "ஆம், இவன் எங்கள் மாணவன்" என்று கல்வி நிறுவனம் உறுதி சொல்கிறது. மேல் அதிகாரி சரி பார்க்கிறார். பணம் நேரே பாங்கிக் கணக்குக்குப் போகிறது. இடைத் தரகர் கிடையாது.

ஆனால், கல்வி நிறுவனமே போலி என்றால்?

சிறுபான்மை மாணவர்களுக்கான உதவித்தொகை வாங்கிய 1,572 நிறுவனங்களை ஆராய்ந்தார்கள். அவற்றில் 830 நிறுவனங்கள் போலி அல்லது செயல்படாதவை என்று சிறுபான்மையினர் நல அமைச்சகம் கண்டது. 2017-18 முதல் 2021-22 வரையில் நஷ்டம் 144 கோடியே 83 லட்சம் ரூபாய் என்று கணக்கிட்டது. 2023 ஆகஸ்டில் சி.பி.ஐ. வழக்குப் பதிவு செய்தது.

திருடர்களைப் பிடிப்பது போலீசின் வேலை. ஆனால் சோதனைக்காரருக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. நல்ல மாணவனாக மட்டும் நடித்துப் பார்த்தால் போதாது. திருடனாகவும் நடித்துப் பார்க்க வேண்டும். மூடிக் கிடக்கும் பள்ளிக்கூடத்தின் பெயரை எழுது. ஒரே டெலிபோன் எண்ணைப் பத்து மாணவர்களுக்குக் கொடு. ஒரே பாங்கிக் கணக்கை இரண்டு பெயருக்குப் போடு. "கூடாது" என்று பெட்டி சொல்கிறதா, பார்.

தமிழ்நாட்டுக்கே உரிய ஒரு சோதனையும் உண்டு. தகப்பனார் பெயரின் முதல் எழுத்தை இங்கே முன்னால் போடுவது வழக்கம். பள்ளிச் சான்றிதழில் "ரா. முருகன்". ஆதார் அட்டையில் "முருகன் ரா". பாங்கிப் புத்தகத்தில் "முருகன் ராமசாமி". ஊரில் அவன் ஒரே முருகன்தான். கம்ப்யூட்டருக்கு மூன்று ஆள்! எங்கோ தூரத்தில் உட்கார்ந்து, எல்லாருக்கும் குடும்பப் பெயர் உண்டு என்று நினைத்துக் கட்டியவருக்கு இது தோன்றாது. மதுரையிலோ, தஞ்சாவூரிலோ ஒரு பையனை உட்காரவைத்தால் முதல் நிமிடத்திலேயே தெரிந்துவிடும்.

இரண்டாம் தடவை

அடி வாங்கிய பிறகு அமெரிக்க இலாகா வழியை மாற்றியது. கல்லூரி நுழைவுத் தேர்வுகளை நடத்தும் அமைப்பிலிருந்து ஜெரமி சிங்கர் என்பவரைக் கொண்டுவந்து இதற்கென்று பொறுப்புக் கொடுத்தது.

அடுத்த ஆண்டு விண்ணப்பத்தை ஒரேயடியாகத் திறக்கவில்லை. 2024 அக்டோபர் 1-ந் தேதி, ஏழை மாணவர்களுக்கு வழி காட்டும் 6 தொண்டு நிறுவனங்கள் மூலம், குறைந்த எண்ணிக்கை மாணவர்களை வைத்து ஓட்டிப் பார்த்தார்கள். உண்மையான மாணவர்கள். உண்மையான குடும்பங்கள். எங்கே தயங்குகிறார்கள், எங்கே விண்ணப்பம் நிற்கிறது என்று கவனித்தார்கள். கோளாறுகளைத் திருத்தினார்கள். பிறகு நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் ஆட்களைக் கூட்டினார்கள்.

எழுதுவதோடு நிற்கவில்லை. கணக்குச் சரியாக வருகிறதா, கல்லூரிக்கு விவரம் போய்ச் சேர்கிறதா, பிழையைத் திருத்த முடிகிறதா என்று கடைசி வரை பார்த்தார்கள். அந்தச் சோதனைகளில் எண் இல்லாத தாய்மாரும் தகப்பன்மாரும் உண்டு.

எல்லாருக்கும் கதவு திறந்தது 2024 நவம்பர் 21-ந் தேதி. வழக்கத்தைவிடத் தாமதந்தான். ஆனால், வாக்குக் கொடுத்த டிசம்பர் 1-க்கு முன்பே திறந்தது. திறந்த கதவு மூடவில்லை.

இனி ஆண்டுதோறும் அக்டோபர் 1-ந் தேதிக்குள் விண்ணப்பம் வந்தாக வேண்டும் என்று அந்த டிசம்பரில் ஒரு சட்டமும் செய்தார்கள். 2026-27-ம் ஆண்டுக்கான விண்ணப்பத்தை 2025 ஆகஸ்டில் சிறு கூட்டத்தை வைத்துச் சோதித்தார்கள். செப்டம்பர் 24-ந் தேதி எல்லாருக்கும் திறந்துவிட்டார்கள். கெடுவுக்கு ஒரு வாரம் முன்பு!